பெட்டியில் 80, உள்ளே 50: ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

50 மீட்டர் துப்பாக்கிச் சுடும் ரேஞ்சில் குண்டு எங்கே விழுந்தது என்று பார்க்க ஆன்லைனில் ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சிறு தொலைநோக்கி) தேடுகிறவர்கள் ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். இங்கே சொல்லும் ஸ்கோப் எங்கள் கிளப் பொதுப் பயன்பாட்டுக்காக வாங்கியது, விலை 9,000 ரூபாய்க்குள். பெட்டியின் மேல் '25-75×80', 'பிஏகே4 ப்ரிசம்', 'ஃபுல்லி மல்டி கோட்டட்', 'வாட்டர்ப்ரூஃப்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. 25-75 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 80 என்பது முன் கண்ணாடியின் மி.மீ. விட்டம். பிஏகே4 ப்ரிசம் செய்யும் உயர்ரகக் கண்ணாடி, கோட்டிங் வெளிச்சம் திரும்பிப் போகாமல் தடுக்கும் பூச்சு.

முதல் ஏமாற்று அந்த 80-இல். முன் கண்ணாடியின் குறுக்கே ஸ்கேல் வைத்தால் 80 மி.மீ. சரியாகவே வரும். ஆனால் குழாய்க்குள் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம் உட்கார்ந்திருக்கிறது. அதன் நடு ஓட்டை வழியாகத்தான் வெளிச்சம் போகும். மலிவு லென்ஸின் ஓரப்பகுதி பிம்பத்தைக் குழப்பும், அதை மறைக்கத்தான் இந்த வளையம். லென்ஸை ஒழுங்காகத் தேய்க்கச் செலவாகும், வளையம் போட ஆகாது.

கண்டுபிடிக்க அதிகம் வேண்டாம். ஜூமை 25-இல் வையுங்கள். ஸ்கோப்பை வெளிச்சமான வானத்துக்குத் திருப்புங்கள் (சூரியன் பக்கம் மட்டும் கூடவே கூடாது). ஐபீஸுக்கு (கண் வைக்கும் முனை) பின்னால் ஒரு துண்டு பட்டர் பேப்பரைப் பிடித்து, மெல்லப் பின்னுக்கு இழுங்கள். ஒரு சென்டிமீட்டர் தாண்டியதும் சின்ன வெளிச்ச வட்டம் ஓரம் தெளிந்து நிற்கும். அதை ஸ்கேலால் அளந்து 25-ஆல் பெருக்குங்கள். 80 மி.மீ. உண்மையானால் வட்டம் 3.2 மி.மீ. இருக்க வேண்டும். வந்தது 2. அதாவது வேலை செய்வது 50 மி.மீ. மட்டுமே.

75 மடங்குக்குப் போனால் அந்த வட்டம் 0.7 மி.மீ.க்கும் கீழே சுருங்கிவிடும். படம் இருண்டு, கண்ணுக்குள் மிதக்கும் தூசி போன்ற புள்ளிகள்தான் டார்கெட் மேல் நெளியும். மதிய வெயிலில் தரையிலிருந்து எழும் கானல் அலை நல்ல ஸ்கோப்பிலேயே அதிக ஜூமை வீணாக்கும். இதில் கேட்கவே வேண்டாம்.

பாயின்ட் 22 குண்டின் ஓட்டை 5.6 மி.மீ. அதை 50 மீட்டரில் பார்க்க 20 முதல் 30 மடங்கு தாராளம். வெள்ளைத் தாளில் விழுந்த ஓட்டை எந்த ஸ்கோப்பிலும் தெரியும். விற்பனை வீடியோக்களில் காட்டுவதும் அதைத்தான். டார்கெட் நடுவிலுள்ள 112.4 மி.மீ. கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த ஓட்டை தெரிகிறதா என்பதுதான் பரீட்சை. இந்த ஸ்கோப்பில் கறுப்பே சாம்பல் நிறமாக வெளிறி, விளிம்பில் ஊதாக் கோடு ஓடியது. பத்துப் புள்ளி வளையத்தில் விழுந்ததா எட்டில் விழுந்ததா என்று சண்டை வந்ததுதான் மிச்சம். (டார்கெட்டுக்குப் பின்னால் வெள்ளை அட்டை நிறுத்தினால் கொஞ்சம் தேறும்.)

வெளிறலுக்குக் காரணம் கோட்டிங் குறை. ட்யூப் லைட்டுக்கு அடியில் ஸ்கோப்பைச் சாய்த்து, கண்ணாடியில் விழும் விளக்கின் பிம்பங்களை எண்ணுங்கள். எல்லாம் மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் நல்லது. பளிச்சென்று வெள்ளைப் பிம்பம் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பரப்பில் கோட்டிங் இல்லை, அங்கே 4 சதவீத வெளிச்சம் திரும்பிப் போகிறது. இதில் மூன்று வெள்ளை. முன் கண்ணாடி மாணிக்கச் சிவப்பாக மின்னினால் தொடவே தொடாதீர்கள்.

பிஏகே4 பற்றி ஒரு சங்கதி. வெளிச்ச வட்டம் முழு வட்டமாக இருந்தால் பிஏகே4, ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டு நிழலடித்தால் பிகே7 (மலிவு ரகக் கண்ணாடி) என்பார்கள். உள்ளே வளையம் போட்டு ஒளிக்கற்றையைக் குறுக்கிவிட்டால் பிகே7-உம் முழு வட்டமே காட்டும். எனவே முதலில் அளவு, அப்புறம்தான் ப்ரிசம்.

வாட்டர்ப்ரூஃப் கதை ஒரு பனிக்காலைக்குத் தாங்கவில்லை, உள்பக்கம் ஆவி படிந்தது. கடலோர ஊர்களில் அடுத்து வருவது பூஞ்சை.

விளம்பரத்தில் 'வேட்டைக்கு ஏற்றது' என்றும் இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். வெளிநாட்டு விளம்பரத்தை அப்படியே பெயர்த்து ஒட்டியதற்கு அதுவே சாட்சி. வேட்டை அனுமதி உள்ள நாடுகளிலும் விடியலிலும் அந்தியிலும் வெளிச்ச வட்டம் பெரிதாக இருந்தால்தான் விலங்கின் உருவம் நன்றாகப் பிரியும்.

திருப்பி அனுப்பும்போது இரண்டாவது ஏமாற்று. திருப்பி அனுப்ப 7 நாள்தான் கெடு, அதிலும் 'மாற்றித் தருவோம், பணம் கிடையாது'. மாற்றி வந்ததிலும் அதே வளையம். பிறகு சாட்டில் 'ஃபோகஸ் செய்யத் தெரியவில்லை' என்று நாளை இழுத்தடித்தார்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போனில் பேசாதீர்கள். பட்டர் பேப்பர் வட்டத்தின் மேல் ஸ்கேலை வைத்துப் படமெடுத்து, எழுத்தில் அனுப்புங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி இல்லையென்றால் அதையும் படமெடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மறுபடி வாங்குவதானால்: 60 மி.மீ., 20 முதல் 60 வரை ஜூம், படுத்துச் சுடுபவர்களுக்கு 45 டிகிரி சாய்ந்த ஐபீஸ், மூக்குக்கண்ணாடி அணிபவர் என்றால் ஐபீஸுக்கும் கண்ணுக்கும் நடுவே 15 மி.மீ. இடைவெளி. கூடவே வரும் மேசை ட்ரைபாடைத் தூக்கிப் போட்டுவிட்டு, தாழ்ந்த கனமான ஸ்டாண்டுக்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள்.