கிரிஸ்ஃபிளையர் மைல்கள்: ஊருக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு தேறும்?

சிங்கப்பூரில் நாலு தமிழர் சேர்ந்தால் வீட்டு வாடகைக்கு அடுத்து வரும் பேச்சு டிக்கெட் விலைதான். அதில் ஒருத்தராவது "நான் மைல்ல போய்ட்டு வந்தேன், ஒரு காசு கொடுக்கல" என்பார். மைல் என்பது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் சேரும் புள்ளி, அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். மைலில் போனார் என்பது உண்மையாக இருக்கலாம், ஒரு காசு கொடுக்கவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். சாங்கியிலிருந்து கிளம்பும் ஒவ்வொருவருக்கும் விமான நிலையக் கட்டணமும் வரியுமாக 65 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 20 காசு உண்டு, மைல் டிக்கெட்டானாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். திரும்பி வரும்போது இந்தியப் பக்கத்து வரி தனி. நல்லவேளையாக எரிபொருள் கூடுதல் கட்டணத்தைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன்னுடைய மைல் டிக்கெட்டுகளுக்கு 2017இல் எடுத்துவிட்டது. இல்லையென்றால் இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை.

சரி, கிரிஸ்ஃபிளையர் என்பது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் உறுப்பினர் திட்டம், 1999 முதல் இருக்கிறது, சேர்வதற்குக் காசு இல்லை. பறந்து சேர்க்கும் மைல் மலிவு டிக்கெட்டில் சொற்பம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை சென்னைக்குப் போய் வருகிறவர் அதை மட்டும் நம்பினால், சேர்ந்து முடிவதற்குள் முதலில் வந்தது காலாவதியாகிவிடும், ஏனென்றால் ஒரு மைலின் ஆயுள் மூன்று வருஷம். ஆக நிஜமான வரவு கடன் அட்டையில்தான் இருக்கிறது, இந்த விளையாட்டும் அங்கேதான் நடக்கிறது.

இங்கே வங்கிகள் தரும் சாதாரண மைல் அட்டைகள் ஒரு வெள்ளிச் செலவுக்கு 1.2 முதல் 1.4 மைல் தரும். சிட்டி பிரீமியர்மைல்ஸ் 1.2, யூஓபி பிரிவி மைல்ஸ் 1.4. மாதம் 2,000 வெள்ளி செலவழிக்கும் குடும்பம் 1.2 மைல் அட்டையில் எல்லாவற்றையும் போட்டால் வருஷத்துக்கு 28,800 மைல் சேரும். இதற்குப் பக்கத்தில் நாலு மைல் அட்டைகள் என்று ஒரு வகை இருக்கிறது. சிட்டி ரிவார்ட்ஸில் இணையத்தில் வாங்கும் பொருளுக்கு வெள்ளிக்கு நாலு மைல், மாதக் கணக்கில் ஆயிரம் வெள்ளி வரை. அந்த ஆயிரத்தை மட்டும் ஒழுங்காக நிரப்பினால் வருஷத்துக்கு 48,000. பாதிச் செலவில் ஒன்றரை மடங்குக்கும் மேல் வரவு. விஷயம் தெரிந்தவர்கள் பர்ஸில் மூன்று அட்டை வைத்திருப்பதும், எதை எங்கே நீட்ட வேண்டும் என்று பில் கவுண்டரில் நின்று யோசிப்பதும் இதனால்தான்.

ஆனால் சின்ன எழுத்தைப் படிக்காமல் இறங்கக் கூடாது. வங்கி முதலில் தருவது புள்ளி, அதைத்தான் பிறகு மைலாக மாற்றுகிறோம். யூஓபி அட்டைகளில் அந்தப் புள்ளி ஐந்து வெள்ளிக்கு ஒரு கட்டாகத்தான் கணக்காகும். 4 வெள்ளி 90 காசுக்குச் சாப்பிட்டுவிட்டு அட்டையைத் தட்டினால் புள்ளி பூஜ்யம், 9 வெள்ளி 90 காசு பில் என்றால் ஐந்து வெள்ளிக்கு மட்டும் வரும். தோசையும் தேநீரும் வாங்கும் இடத்தில் அந்த அட்டையை நீட்டுவது வீண் வேலை. தேக்காச் சந்தையில் காய்கறிக் கடைக்காரர், வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் போகும் பேநவ் கியூஆர் பலகையைத்தான் காட்டுவார், அங்கே எந்த அட்டைக்கும் வேலை இல்லை. வாரச் சாமானை முஸ்தபா கடையில் மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தேறும்.

அப்புறம் அந்த வணிகக் குறியீடு. ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு, வங்கி பார்ப்பது கடையின் பெயரை அல்ல, அந்த எண்ணை. மருத்துவமனை, பள்ளிக் கட்டணம், காப்பீடு, மின்சாரம், நன்கொடை, அரசாங்கத்துக்குக் கட்டுவது எல்லாம் பெரும்பாலான அட்டைகளில் விலக்கு. கோயிலுக்கு அர்ச்சனைச் சீட்டு அட்டையில் எடுத்தால் புண்ணியம் மட்டும்தான். பெரிய பல் வைத்தியச் செலவு ஒன்றை ஒரு வங்கியின் அட்டையில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன், பெயர் வேண்டாம், புள்ளி ஒன்றும் ஏறவில்லை. கூப்பிட்டுக் கேட்டதற்கு "அந்தக் குறியீடு தகுதி பெறாது" என்று மூன்று பேர் மாறி மாறி ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். இன்று வரை ஏறவில்லை.

புள்ளியை மைலாக மாற்றவும் கட்டணம் உண்டு. பெரும்பாலான வங்கிகளில் ஒரு தடவைக்கு 25 வெள்ளி, ஜிஎஸ்டி சேர்த்து 27 வெள்ளி 25 காசு, அதுவும் பத்தாயிரம் பத்தாயிரமாகத்தான் மாற்ற முடியும். அதனால் சேர்த்து வைத்து ஒரே தடவையில் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். எங்கே சேர்த்து வைப்பது என்பதும் முக்கியம். சிட்டி பிரீமியர்மைல்ஸ், டிபிஎஸ் வங்கியின் ஆல்டிட்யூட் அட்டைப் புள்ளிகளுக்குக் காலாவதி இல்லை, யூஓபியில் இரண்டு வருஷம். மூன்று வருஷக் கடிகாரம் கிரிஸ்ஃபிளையருக்கு மாற்றிய பிறகுதான் ஓடத் தொடங்கும். மாற்றிவிட்டால் திரும்ப வங்கிக்கு எடுக்க வழியில்லை.

இனி ஊர்க் கணக்கு. ஒரு மைலின் மதிப்பைப் பார்க்க எளிய வழி, காசு கொடுத்தால் டிக்கெட் என்ன விலையோ அதிலிருந்து மைல் டிக்கெட்டிலும் கட்டவேண்டிய வரியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மைல் எண்ணிக்கையால் வகுப்பது. டிக்கெட் 300 வெள்ளி, வரி 100, கேட்பது 20,000 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மைலுக்கு ஒரு காசு வருகிறது. சாதாரண மாதத்தில் சென்னை சிக்கன வகுப்புக்கு இந்த மாதிரிதான் தேறும். அதே 300 வெள்ளியோடு இண்டிகோவையும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸையும் ஒப்பிட்டால் இன்னும் குறையும். திருச்சிக்காரருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவு விமான நிறுவனமான ஸ்கூட் நேராகப் போகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் தமிழ்நாட்டில் இறங்குவது சென்னையில்தான், அங்கிருந்து திருநெல்வேலிக்கு ராத்திரி பஸ் பிடிக்கிறவர் "இலவச" டிக்கெட்டுக்காக ஒரு நாளை இழக்கிறார். வெள்ளிக்கு 1.2 மைல், மைலுக்கு ஒரு காசு என்றால் 1.2 சதவீதம். ஒன்றரை சதவீதம் கேஷ்பேக் தரும் அட்டைகள் தலைவலி இல்லாமல் கிடைக்கின்றன. ஊருக்கு மட்டும் போய் வருகிறவர், அதுவும் சிக்கன வகுப்பில் போகிறவர், கேஷ்பேக் அட்டையை எடுத்துக்கொண்டு காசு கொடுத்து டிக்கெட் வாங்குவதே லாபம். இதை மைல் ஆர்வலர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு இடத்தில் தலைகீழாக மாறும். ஊரிலிருந்து நடு ராத்திரி போன் வருகிறது, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், காலையில் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் டிக்கெட் விலை 700, 800 என்று நிற்கும், சேவர் என்ற குறைந்த மைல் டிக்கெட்டின் விலையோ ஆறு மாதத்துக்கு முன்னால் என்னவோ அதேதான். 700இல் வரி 100 போக 600, அதே 20,000 மைல், மைலுக்கு மூன்று காசு. கடைசி நேரத்தில் விற்காத இடம் இருந்தால் சேவரில் கிடைக்கலாம், அது இல்லையென்றால் அட்வான்டேஜ் என்ற விலை கூடிய வகை இருக்கிறது, அப்போதும் பல நேரம் காசு கொடுப்பதைவிட மேல். எங்கள் வீட்டுக்கு மைலின் பயன் என்றால் இதுதான். இதில் ஒரு சிக்கல், வங்கியிலிருந்து மைல் வந்து சேர நாட்கள் ஆகலாம், அந்த ராத்திரியில் மாற்ற முடியாது. ஆகவே காலாவதி ஆகாத வங்கியில் மூட்டையை வைத்திருந்தாலும், ஒரு தடவை போய் வர வேண்டியதைக் கிரிஸ்ஃபிளையரிலேயே போட்டு வைப்பது நல்லது.

பண்டிகைக்கு நம்பிப் பிரயோஜனமில்லை. தீபாவளி, டிசம்பர் பள்ளி விடுமுறைக்குச் சேவர் இடம் கேட்டால் காத்திருப்புப் பட்டியல் என்றுதான் வரும். பட்டியலில் நிற்கும்போது மைலைக் கழிக்க மாட்டார்கள், ஆனால் தேவையான மைல் கணக்கில் இருந்தால்தான் நிற்கவே விடுவார்கள். 355 நாளுக்கு முன்பே பதிவு திறக்கும், அடுத்த வருஷத் தீபாவளிக்கு இந்த வருஷப் பலகாரம் தீர்வதற்குள் பதிவு செய்கிற ஆள் நீங்கள் என்றால் உங்களுக்குக் கிடைக்கும். லீவு கிடைக்குமா என்று மேலாளரைக் கேட்டுவிட்டு வருவதற்குள் போய்விடும்.

ஐந்து பேர் விதி நம் குடும்பங்களில் தனிக் கதை. உங்கள் மைலில் டிக்கெட் எடுக்க உங்களைத் தவிர ஐந்து பேரைத்தான் நியமிக்கலாம், ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டால் கட்டணம். மனைவி, இரண்டு பிள்ளை, அம்மா, அப்பா, முடிந்தது ஐந்து. மாமனார் மாமியாருக்கு இடமில்லை என்பதை வீட்டில் யார் சொல்வது? கணவன் மனைவி இரண்டு பேரும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்வதுதான் வழி, அவரவர் பெற்றோரை அவரவர் பட்டியலில் போட்டுக்கொண்டால் வீடும் அமைதியாக இருக்கும்.

மைலின் விலை ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 ஜூலையில் ஏற்றினார்கள், 2025 நவம்பரில் மறுபடி ஏற்றினார்கள், கூடவே தேவைக்கேற்ப விலை மாறும் ஆக்சஸ் என்ற புது வகையையும் கொண்டுவந்தார்கள். சேர்த்துக்கொண்டே போனால் வட்டி வராது, தேய்மானம்தான் வரும். மாதா மாதம் ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ் என்று அடுத்த மாதப் பயணத்துக்குச் சில ஊர்களுக்குப் பெரும்பாலும் 30 சதவீதம் குறைத்துத் தருவார்கள், இந்திய ஊர்களும் அவ்வப்போது வரும். ஆனால் மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வீட்டுக்கு இது சரிப்படாது.

இந்தத் திட்டம் உண்மையிலேயே ஜொலிப்பது தூரப் பயணத்தின் பிசினஸ் வகுப்பில். லண்டன், சிட்னி, டோக்கியோ மாதிரி ஊர்களுக்குப் படுத்துப் போகும் இருக்கையில் காசு கொடுத்து நம்மில் எத்தனை பேர் போவோம்? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நீண்டதூர பிசினஸ் இடங்களைப் பெரும்பாலும் தன் உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்கிறது, வேறு நிறுவன மைலில் அவை லேசில் கிடைக்காது. அங்கே ஒரு மைல் சர்வசாதாரணமாக மூன்று நாலு காசுக்கு வரும். நாலு மணி நேரச் சென்னைக்குப் பிசினஸில் போய் மைலைக் கரைப்பதை நான் செய்ய மாட்டேன், சாப்பிட்டுக் கண் அசருவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் அட்டைப் பாக்கியை முழுசாகக் கட்டாதவர் பக்கமே வரக் கூடாது, வட்டி ஆண்டுக்கு 27 சதவீதம் வாக்கில், எந்த மைலும் அதை ஈடுகட்டாது. இன்னொரு பக்கம், இந்தப் பாதையில் விடாமல் பறக்கும் கட்டுமானத் தொழிலாளர்களுக்குக் கடன் அட்டையே கிடைக்காது, ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளி வேண்டும். விமானத்தை நிரப்புகிறவர்கள் அவர்கள், மைலை அள்ளுகிறவர்கள் அலுவலக நாற்காலிக்காரர்கள்.

தீராமல் கிடக்கும் மைலைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கடையான கிரிஸ்ஷாப்பில் பொருள் வாங்கியோ டிக்கெட் காசில் கழித்தோ தீர்க்காதீர்கள், மைலுக்கு ஏறக்குறைய ஒரு காசுதான் கிடைக்கும். காலாவதி நெருங்கினால் சாதாரண உறுப்பினர் பத்தாயிரம் மைலுக்கு 12 அமெரிக்க டாலரோ 1,200 மைலோ கொடுத்து ஆறு மாதம் நீட்டிக்கலாம். எது எந்த மாதம் போகும் என்று கணக்கின் உள்ளேயே காட்டும், இணையத்திலேயே முடிகிற வேலை, ஆனால் தேதி தாண்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டும்.