கார்டு மெஷின் கமிஷனைக் குறைச்சுத் தர்றேன்னு கடைக்கு ஆள் வந்தா

மன்னார்குடியில மோட்டார், பைப், வயரிங் சாமான் விக்கிற சின்ன கடை நம்மளது. வருஷ வியாபாரம் 20 லட்சத்தைத் தாண்டாது. நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு, பணம் அக்கவுண்ட்ல ஏறின கையோட கார்டை எடுத்துக்கிட்டு வர்ற விவசாயிங்கதான் பாதிப் பேர். அந்தக் கார்டு பெரும்பாலும் ரூபே டெபிட், அதாவது விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நம்ம நாட்டுக் கார்டு. நான் ஏமாந்ததே அங்கதான்.

மார்கழி கடைசியில கழுத்துல அடையாள அட்டையோட ஒரு தம்பி வந்தாரு. "அண்ணே, பேங்க் மெஷின்ல கிரெடிட் கார்டுக்கு எவ்வளவு புடிக்கிறாங்க?" 1.8 சதவீதம்னேன். "நம்மகிட்ட எந்தக் கார்டா இருந்தாலும் ஒரே ரேட்டு, 1.25. மூணு மாசம் வாடகையும் கிடையாது." காபி வாங்கிக் கொடுத்தேன், நானே. நாலு பக்க ஒப்பந்தம், எறும்பு ஊர்ற மாதிரி இங்கிலீஷ் எழுத்து. "கையெழுத்து மட்டும் போடுங்கண்ணே, மீதிய நான் ஃபில் பண்ணிக்கிறேன்." போட்டேன். அக்கவுண்ட்ல தானா பணம் எடுக்குற ஆட்டோ டெபிட் ஃபாரமும் அதுக்குள்ளயே இருந்திருக்கு.

மாசி மாசம் வடுவூர் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் அஞ்சு எச்.பி. மோட்டார் எடுத்தாரு. 24,000 ரூபா, ரூபே கார்டு. மறுநாள் அக்கவுண்ட்ல ஏறினது 23,646. கமிஷன் 300, அதுக்கு மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. 54. ஒரு மோட்டார்ல நமக்கு நிக்கிறதே ஆயிரமோ ஆயிரத்து இருநூறோ.

ஆடிட்டர் ஆபீஸ்ல ஸ்டேட்மென்ட்டைக் காட்டினேன். அங்க இருந்த தம்பி ஸ்கேலை வச்சு வரி வரியா இறக்கிக்கிட்டே வந்து, "ரூபே டெபிட்டுக்கு ஏன்ண்ணே கமிஷன் கட்டுறீங்க?"ன்னு கேட்டாரு. 2020 ஜனவரி 1-லேர்ந்து ரூபே டெபிட்டுக்கும் யு.பி.ஐ.க்கும் வியாபாரிகிட்ட கமிஷனே வாங்கக் கூடாதாம். மத்த டெபிட் கார்டுக்கும் நம்மள மாதிரி 20 லட்சத்துக்கு உள்ள இருக்குற கடைக்கு 0.40 சதவீதம்தான் உச்சம், ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல போகக் கூடாது. ரிசர்வ் வங்கி 2018-லயே வச்ச வரம்பு. கிரெடிட் கார்டுக்கு அந்த மாதிரி வரம்பு கிடையாது. பழைய பேங்க் மெஷின்ல ரூபேவுக்கு ஒரு பைசா புடிச்சதில்ல. நான்தான் அதைக் கவனிச்சதே இல்ல.

மாசம் 60,000 கார்டுல வந்தா நம்ம கடையில கிரெடிட் கார்டு 12,000 தேறும், அவ்வளவுதான். அந்தப் பன்னண்டாயிரத்துல 66 ரூபா மிச்சம் பிடிக்கப் போயி, மீதி 48,000-க்கும் 1.25 கட்டியிருக்கேன். அது மட்டுமே 600 ரூபா. போதாக்குறைக்கு 2,000 ரூபாய்க்கு உள்ள போட்ட சின்னச் சின்ன பில்லுக்கெல்லாம் கமிஷன் மேல ஜி.எஸ்.டி.யும் புடிச்சிருக்காங்க. அதுக்கு விலக்கு உண்டு.

மெஷினைத் திருப்பி எடுத்துக்கங்கன்னா, 36 மாசம் வச்சிருக்கணும், நடுவுல விட்டா 9,000 கட்டணும்னாங்க. அந்தத் தம்பியோட போன் அன்னிலேர்ந்து சுவிட்ச் ஆஃப். நம்ம பேங்க்ல எழுதிக் கொடுத்து ஆட்டோ டெபிட்டை நிறுத்தினேன். கம்பெனிக்கு எழுத்துல புகார் அனுப்பி 30 நாள் பார்த்தேன், பதில் இல்ல. அப்புறம் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட ஆன்லைன்ல போட்டேன். 14448-க்குப் போன் பண்ணா எப்படிப் போடணும்னு சொல்றாங்க. கம்பெனிக்கு அனுப்பின புகாரோட நகல் கையில இல்லாம அங்க போகாதீங்க.

ரூபேவுக்குப் புடிச்சது மட்டும் திரும்பி வந்துச்சு. அந்த 9,000 பஞ்சாயத்து இன்னும் ஓடுது.

உங்க கடைக்கும் "ஒரே ரேட்டு"ன்னு யாராவது வந்தா ரூபே டெபிட், மத்த டெபிட், கிரெடிட்னு தனித்தனியா ரேட்டு எழுதித் தரச் சொல்லுங்க. எத்தனை மாசம் கட்டாயம், நடுவுல விட்டா என்னன்னும் அதே தாள்ல வரணும். நம்ம கடைத்தெருவுல இன்னும் ரெண்டு கடையில அதே மெஷினைப் பார்த்தேன். ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.