விலை குறைந்த ரேஞ்ச்ஃபைண்டருடன் மூன்று ஆண்டுகள்

கோல்ஃபில் குழியைக் காட்டும் கொடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று லேசரால் அளக்கும் கைக்கருவிதான் ரேஞ்ச்ஃபைண்டர். வாங்கிய முதல் வாரம். ஒரு பார் 3, அதாவது மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குழி. கொடிக்குப் பின்னால் அடர்ந்த மரவரிசை. கண்ணில் வைத்து அழுத்தினேன், 171 என்று காட்டியது. யோசிக்காமல் 5 அயன் என்ற கிளப்பை (மட்டையை) எடுத்து அடித்தேன். நல்ல அடிதான், ஆனால் பந்து கிரீனை, அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையை, தாண்டிப் போய் மரத்தடியில் விழுந்தது. மறுபடி நிதானமாகப் பிடித்து அழுத்தினேன். இந்த முறை 148.

கருவி தவறாக அளக்கவில்லை. 171 யார்டில் மரம் இருந்தது, அதை அது சரியாகவே சொன்னது. நான்தான் அதைக் கொடியின் தூரமாக எடுத்துக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் கழித்தும், விலை குறைந்த ரேஞ்ச்ஃபைண்டர் பற்றி யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன். எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அது எந்தப் பொருளின் எண் என்பதில்தான் கவனம் வேண்டும்.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர், பெரும்பாலும் 905 நானோமீட்டர் அலைநீளம். ஒளி போய்ப் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுத் தூரத்தைச் சொல்கிறது. 150 யார்டு என்பது ஏறத்தாழ 137 மீட்டர். அவ்வளவு தூரம் போய்த் திரும்ப ஒளிக்கு ஒரு மைக்ரோ விநாடிகூட ஆகாது. ஒரு யார்டு வித்தியாசம் என்றால் 6 நானோ விநாடி. இந்தக் கணக்கை இப்போது மலிவான கருவிகளும் நன்றாகவே போடுகின்றன. ஆனால் அந்தத் தூரத்தில் லேசர் கற்றை கொடிக்கம்பத்தைவிட அகலமாக விரிந்திருக்கும். கொஞ்சம் ஒளி கம்பத்தில் படும், மீதி தாண்டிப்போய்ப் பின்னால் இருக்கும் மரத்தில் படும். இரண்டு எதிரொளிப்புகள் வரும்போது அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பதுதான் ‘பின் லாக்’ (இங்கே ‘பின்’ என்றால் கொடிக்கம்பம்). விலைக்கேற்ற வித்தியாசம் தெரிவது இங்கேதான்.

என்னோடு வழக்கமாக ஆடும் நண்பரிடம் இருப்பது என்னுடையதைப் போலப் பல மடங்கு விலையுள்ளது. ஒரே இடத்தில் நின்று, ஒரே பொருளை இருவரும் எத்தனையோ முறை அளந்திருக்கிறோம். ஒரு யார்டுக்கு மேல் வேறுபட்டதில்லை. பக்கத்துப் பக்கத்து அயன்களுக்கு இடையே எனக்குப் பத்து, பன்னிரண்டு யார்டு வித்தியாசம். அதற்கு ஒரு யார்டு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவருடையது முதல் அழுத்தலிலேயே கொடியைப் பிடித்துவிடும். என்னுடையதற்கு இரண்டு, மூன்று முறை தேவைப்படும். காற்றில் கொடி சுருண்டிருந்தால் இன்னும் கூட.

இதற்குப் பழக்கம் உதவும். தொப்பியின் முனையைக் கருவியின் மேல் அழுத்தி, இரண்டு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு சேர்த்து, மூச்சை விட்டுவிட்டு அழுத்துகிறேன். 6 மடங்கு உருப்பெருக்கத்தில் 150 யார்டுக் கொடி 25 யார்டில் நிற்பதுபோலத் தெரியும். கூடவே கைநடுக்கமும் 6 மடங்காகும். முதலில் பின்னணி மரத்தை அளந்துவிட்டு, பொத்தானை விடாமல் மெல்லக் கொடிக்கு நகர்கிறேன். எண் சட்டென்று குறைந்தால் கொடியைப் பிடித்துவிட்டது என்று பொருள். குறையவில்லை என்றால் இன்னும் மரத்தில்தான் இருக்கிறேன். கொடியைப் பிடித்ததும் கருவி அதிரும். புஷ்னெல் நிறுவனம் இதற்கு ‘ஜோல்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறது, மற்றவர்கள் வேறு வேறு பெயர்களில் தருகிறார்கள். அந்த அதிர்வை மட்டும் நம்பாதீர்கள். கிரீனுக்கு முன்னால் இருந்த ஒரு புதருக்கும் என்னுடையது அதே உறுதியோடு அதிர்ந்திருக்கிறது.

ஸ்லோப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது பலர் ஏமாறுவது இதில்தான். மேட்டில் இருக்கும் கிரீனுக்கு அடி நீளமாக வேண்டும், பள்ளத்தில் இருப்பதற்குக் குறைவாக வேண்டும். சாய்வை அளந்து அதற்கேற்றபடி எண்ணைத் திருத்துவதுதான் ஸ்லோப். ஆனால் வேட்டைக்காகவும் வில்வித்தைக்காகவும் செய்த சில கருவிகள் கோல்ஃபுக்கும் ஆகும் என்று விற்கப்படுகின்றன. அவை காட்டுவது கிடைமட்டத் தூரம். மேடானாலும் பள்ளமானாலும் அது நேர்த்தூரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அதை நம்பி மேட்டுக் கிரீனுக்கு அடித்தால் பந்து நிச்சயம் போய்ச் சேராது. ஆகவே கோல்ஃப் முறை தனியாக இருக்கிறதா, மேட்டை நோக்கிப் பிடித்தால் திருத்திய எண் கூடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

போட்டியில் ஸ்லோப் கூடாது. 2019இல் வந்த கோல்ஃப் விதிகளின்படி, உள்ளூர் விதி தடை செய்யாதவரை தூரம் அளக்கலாம். உயர வேறுபாட்டை அளக்கக் கூடாது என்று விதி 4.3 சொல்கிறது. முதல் மீறலுக்குப் பொதுத் தண்டனை (ஆட்ட வகையைப் பொறுத்து இரண்டு அடிகள் கூடும், அல்லது அந்தக் குழியை இழக்க வேண்டும்), மறுபடி மீறினால் தகுதிநீக்கம். ஸ்லோப் வசதி கருவியில் இருப்பது தவறில்லை, பயன்படுத்தாமல் இருந்தால் போதும். 2021இல் கியாவா ஐலண்டில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற பெரிய தொழில்முறைப் போட்டியில் ரேஞ்ச்ஃபைண்டர்களை அனுமதித்தபோதும், ஸ்லோப் இல்லாமல் என்பதே நிபந்தனை. என்னுடையதில் இதை மெனுவுக்குள் போய்த்தான் அணைக்க வேண்டும். அணைத்திருக்கிறேன் என்பது என்னோடு ஆடுபவருக்கு வெளியே இருந்து தெரியாது. ஒவ்வொரு போட்டியிலும் முதல் டீயில் (முதல் அடியை அடிக்கும் இடத்தில்) அவர் கண்ணில் வைத்துக் காட்டிவிடுகிறேன். வெளியிலேயே நிறத்தோடு சுவிட்ச் இருக்கும் கருவியாக எடுத்திருந்தால் இந்த வேலை மிச்சம்.

திரையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. கறுப்பு எழுத்து எல்சிடி. நல்ல வெயிலில் துல்லியமாகத் தெரியும். மாலையில், கருத்த மரங்களின் முன்னால், எண்ணைத் தேட வேண்டியிருக்கிறது. மாலை ஆட்டம் அதிகம் என்றால் சிவப்பு எழுத்துத் திரையைப் பாருங்கள். கண் வைக்கும் இடத்தில் உள்ள வளையத்தைத் திருகி உங்கள் பார்வைக்கேற்பச் சரிசெய்யவும் மறக்காதீர்கள். இது தெரியாமல் முதல் மாதம் முழுக்க லென்ஸ் மங்கல் என்றே நினைத்திருந்தேன்.

பேட்டரி சிஆர்2, 3 வோல்ட். மூன்று ஆண்டுகளில் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். சார்ஜ் செய்யும் வகை வசதியானதுதான், ஆனால் ஏழாவது குழியில் தீர்ந்துபோனால் அன்றைக்கு அவ்வளவுதான். எனக்குப் பையில் ஒரு சிஆர்2 கிடந்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: என் கருவி பேட்டரி மாற்றியதும் தானாக மீட்டருக்குப் போய்விடும். ஒருமுறை அதைக் கவனிக்காமல் 137 என்று கண்டு 137 யார்டுக்கான கிளப்பை எடுத்தேன். உண்மையில் 150 யார்டு. பந்து நேராகக் கிரீனுக்கு முன்னால் இருக்கும் பங்கரில் (மணல் குழியில்) விழுந்தது. இப்போது பேட்டரி மாற்றினால், ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்பாதையில்) இருக்கும் 150 யார்டு குறியிலிருந்து கிரீனின் நடுவை ஒருமுறை அளந்து பார்க்காமல் ஆடுவதில்லை.

மழையில் ஆடலாம், ஐபிஎக்ஸ்4 என்ற நீர்த்தடுப்புத் தரம் சாரலைத் தாங்கும். மூடுபனியில் எடுக்கவே வேண்டாம், நீர்த்துளிகளில் பட்டே ஒளி திரும்பிவிடும். கார்ட்டின் கம்பியில் ஒட்டிவைப்பதற்கான காந்தம் பலவீனம். கரடுமுரடான பாதையில் கார்ட்டிலிருந்து ஒருமுறை கீழே விழுந்தது. மூலையில் ஒரு சொட்டை, அளவில் மாற்றமில்லை. பெட்டியில் போட்டிருக்கும் 1000 யார்டைப் பொருட்படுத்த வேண்டாம், அது நன்றாக எதிரொளிக்கும் பெரிய பொருளுக்கான கணக்கு. கொடியை எவ்வளவு தூரத்தில் பிடிக்கும் என்று கேளுங்கள். கொடியே கண்ணுக்குத் தெரியாத வளைவுகளில் லேசரால் பயனில்லை, அங்கே ஜிபிஎஸ் கைக்கடிகாரம்தான் உதவும்.

என் ஆட்டம் மாறியது பயிற்சித் திடலில்தான். என் 7 அயன் 150 போகும் என்று பல ஆண்டுகளாக நம்பியிருந்தேன். ஒரு மாலை முழுக்க, பந்துகள் விழுந்த இடங்களுக்குப் பக்கத்தில் இருந்த பலகைகளை அளந்து குறித்துக்கொண்டேன். நன்றாகப் பட்ட அடிகளே 138, 140தான். கொடி எவ்வளவு தூரம் என்று தெரிந்தும் ஏன் எப்போதும் குறைவாக விழுகிறது என்பது அன்றுதான் புரிந்தது. ஒவ்வொரு கிளப்புக்கும் இப்படி அளந்து எழுதிய ஒரு சிறு தாள் இன்னும் கருவியின் உறைக்குள் இருக்கிறது.

வாங்கும் முன் யாரிடமாவது அதே மாடல் இருந்தால் ஒரு சுற்றுக்குக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பின்னால் மரம் இருக்கும் ஒரு கொடியைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் மாலை நேரத்தில். பத்து முறை அழுத்துங்கள். எட்டு முறையாவது கொடியின் எண் வந்தால், அந்த எண்ணைச் சிரமமில்லாமல் படிக்கவும் முடிந்தால், விலையைப் பார்த்துத் தயங்காமல் எடுக்கலாம்.