வாக்குத்தத்தப் பெட்டி: வாங்கலாம், ஆனால்…

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் விற்கும் வாக்குத்தத்தப் பெட்டியில், தேவன் தரும் வாக்குறுதியாகச் சீட்டுக்கு ஒரு வேதாகம வசனம் இருக்கும்; ஒரு சீட்டை எடுத்து வாசிப்பார்கள். பயத்தில் தவிப்பவருக்கு ஏசாயா 41:10, சங்கீதம் 56:3 இரண்டும் தனியாக நின்றாலும் தாங்கும். சிக்கல், நல்ல எதிர்காலம் தருவேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனமே 70 வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. சீட்டில் அந்த 70 இல்லை. அடுத்த மாதமே வேலை என்று நம்பியவர், கிடைக்காதபோது தேவனையே சந்தேகிக்கிறார். இருளிலேயே முடியும் சங்கீதம் 88-ஐ யார் அச்சடிப்பார்கள்? துன்பத்தில் அதுவும் ஜெபம்தானே.

அதிகார, வசன எண் அச்சிடாத பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். சீட்டை எடுத்ததும் வேதாகமத்தில் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று பாருங்கள். அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பதா என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்யாதீர்கள்.