தினசரி வாசகமா, ஒரே நற்செய்தியா?

காலையில் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலி வழிபாட்டில் அன்றைக்கென்று குறிக்கப்பட்ட விவிலிய வாசகங்களைத் தியானிப்பதா, மாற்கு நற்செய்தியைத் தொடர்ச்சியாக வாசிப்பதா?

திருப்பலி வாசகங்களில் தேர்வு நம் கையில் இல்லை. அதுதான் அவற்றின் பெரிய பலம். சங்கடப்படுத்தும் பகுதியைத் தாண்டிப் போக முடியாது. கோவிலுக்குப் போக முடியாத நாளிலும் திருச்சபையோடு சேர்ந்தே வாசிக்கிறோம்.

மாற்கில் 16 அதிகாரங்கள்தான். தொடர்ந்து வாசித்தால் இணைப்புகள் கண்ணில் படும். 10-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு, யோவானிடம் இயேசு, ‘நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்கிறார். சற்றுப் பிறகு பர்த்திமேயுவிடமும் அதே கேள்வி. சீடர்கள் கேட்டது அவருடைய வலப்புறமும் இடப்புறமும் இடம். பார்வையற்ற அந்த மனிதர் கேட்டது பார்வை. தினசரி வாசகத்தில் இவை பொதுக்காலம் (தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் சேராத வழிபாட்டுக் காலம்) 8-ஆம் வாரம் புதன், வியாழன் என்று பிரிந்துவிடுகின்றன. அதனால் பல வருடம் இந்த ஒற்றுமை எனக்குத் தெரியவே இல்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு மாற்கைத்தான் சொல்வேன். முடித்த அப்புறம் தினசரி வாசகங்களுக்கு வரலாம். ஆனால் தவக்காலம் வந்துவிட்டால் திருப்பலி வாசகங்களே சரி. அந்நாள்களில் முதல் வாசகமும் நற்செய்தியும் ஒன்றையொன்று விளக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.