டொயோட்டா 86க்கு ஒயிட்லைன் ஸ்வே பார்: முன்பக்கத்து 20 மி.மீ. போதும், பின்பக்கத்துக்கு அவசரம் இல்லை

முதல் தலைமுறை டொயோட்டா 86, அதன் இரட்டைப் பிறவியான சுபாரு பி.ஆர்.இசட் இரண்டுக்கும் ஒயிட்லைன் என்ற உதிரிபாக நிறுவனம் ஒரு ஜோடி ஸ்வே பார் விற்கிறது. இடது வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முறுக்குக் கம்பிதான் ஸ்வே பார். முன்பக்கத்துக்கு 20 மி.மீ., பின்பக்கத்துக்கு 16 மி.மீ. கம்பெனியிலிருந்து வரும்போது இருப்பது 18, 14. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்டெபிலைசர் ராடு என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், சாமான் ஒன்றுதான்.

இரண்டு மி.மீ.யில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கம்பியின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். எல்லாமே உள்ளே துளையில்லாத கம்பி என்று வைத்துக் கணக்குப் போட்டால், 18லிருந்து 20க்குப் போகும்போது முன்பக்கம் 52 சதவீதம் விறைக்கிறது. 14லிருந்து 16க்குப் போனால் பின்பக்கம் 71 சதவீதம். சிலர் ஆசைப்பட்டுப் பின்னால் 19 மி.மீ. போடுகிறார்கள், அது 3.4 மடங்கு. இந்த எண்களைப் பார்த்தாலே ஜோடியில் இருக்கும் சிக்கல் தெரிந்துவிடும். ஜோடியாகப் போட்டால் வண்டியின் விறைப்பு பின்பக்கம் நோக்கி நகர்கிறது. வளைவில் வாலை வீசுவதற்கென்றே பெயர் வாங்கிய வண்டிக்கு அந்தத் திசையில் உதவி தேவையில்லை.

எந்த அச்சில் பார் விறைப்பாக இருக்கிறதோ, வளைவில் அந்த அச்சின் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்குப் பாரம் அதிகமாக மாறும். அந்த அச்சின் மொத்தப் பிடி குறையும். பாடம் இப்படித்தான் சொல்கிறது. அதன்படி முன்னால் தடிமனான பார் போட்டால் அண்டர்ஸ்டியர், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு போதிய அளவு திரும்பாத குணம், அதிகமாக வேண்டும். 86இல் பெரும்பாலும் நேர்மாறாக நடப்பதற்குக் காரணம் முன்பக்கத்து மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த சஸ்பென்ஷன். வண்டி சாயும்போது ஸ்ட்ரட் அமைப்பு போதிய நெகட்டிவ் கேம்பரை (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வதை) கொடுப்பதில்லை. 86இல் முன் கேம்பர் கம்பெனி அளவிலேயே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே வளைவில் வெளிப்பக்க டயர் தன் தோளில் ஏறி நிற்கிறது. ஓட்டத்தில் அடிபட்ட முன் டயரைக் கழற்றிப் பாருங்கள்: வெளி ஓரத்தில் ரப்பர் உருண்டு, விளிம்பு மழுங்கி, எழுத்து இருக்கும் பக்கம்வரை தேய்ந்திருக்கும், உள் ஓரத்தில் வார்ப்பு மயிர்கூட உதிர்ந்திருக்காது. முன்பக்கம் சாய்வதைக் கட்டுப்படுத்தினால் அந்த டயர் தட்டையாக உட்காரும். பாரம் மாறுவதால் இழக்கும் பிடியைவிட இதனால் கிடைக்கும் பிடி அதிகம்.

அதனால் பாருக்கு முன்னால் வாங்க வேண்டிய சாமான் ஒன்று உண்டு. ஸ்ட்ரட்டின் அடியில் போடும் கேம்பர் போல்ட். விலை பாரின் விலையில் சின்னப் பங்கு. அதைப் போட்டு முன்னால் ஒன்று முதல் ஒன்றரை டிகிரிவரை நெகட்டிவ் கேம்பர் கொண்டுவந்து, டோவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை) பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால், பலருக்குப் பார் வாங்கும் எண்ணமே போய்விடும். டயரையும் பார்க்க வேண்டும். பல சந்தைகளில் இந்த வண்டியுடன் வந்தது 215/45 ஆர்17 அளவில் மிஷலின் பிரைமசி எச்.பி., பிடியைவிட மைலேஜுக்கு ஏற்ற டயர். அதை வைத்துக்கொண்டு தடித்த பார் போடுவது ஈரத் தரையில் புது ஷூ போட்டு ஓடுவது மாதிரிதான்.

கேம்பரும் டயரும் சரி, அப்புறமும் திருப்பும்போது மூக்கு சோம்பலாக இருக்கிறது என்றால் முன்பக்க 20 மி.மீ. பாரை மட்டும் வாங்குங்கள். ஒயிட்லைன் பாரின் முனை தட்டையாக அடிக்கப்பட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளோடு வருகிறது. முனைக்குக் கிட்டே உள்ள துளை மென்மை, கம்பி வளையும் இடத்துக்குக் கிட்டே உள்ளது விறைப்பு. வளைவிலிருந்து துளைவரையுள்ள பகுதிதான் பாரின் கை. கை நீளம் குறையும்போது விறைப்பு இருமடி விகிதத்தில் ஏறும். உதாரணமாக 220 மி.மீ. கையை 200 ஆக்கினால் 21 சதவீதம் கூடும். கையும் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் வண்டியில் கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும். முதலில் மென்மையான துளையிலேயே பூட்டுங்கள். இடது வலது இரண்டும் ஒரே துளையா என்று இருமுறை பாருங்கள். இது நகைச்சுவை இல்லை. கராஜ்களில் நடக்கும் தவறுதான்.

அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் பந்தய சங்கம் நடத்தும் சோலோ போட்டிகளில் ஸ்ட்ரீட் பிரிவின் விதி ஒரே ஒரு பாரை மாற்றத்தான் இடம் தருகிறது, முன்னாலோ பின்னாலோ. 86 ஓட்டுபவர்களில் நிறையப் பேர் அந்த ஒன்றை முன்பக்கத்துக்குத்தான் செலவழிக்கிறார்கள்.

பின்பக்கத்து 16 மி.மீ. பார் மோசமான பொருள் இல்லை. போடும் வண்டிதான் பெரும்பாலும் தவறு. பின்பார் விறைத்தால் வளைவின் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகிவிடும். இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பங்கிடும் டோர்சன் டிஃபரன்ஷியல், பிடி குறைந்த சக்கரம் தாங்கும் முறுக்குவிசையைப் பெருக்கித்தான் மற்ற சக்கரத்துக்குக் கொடுக்கும். அந்தச் சக்கரம் அந்தரத்தில் இருந்தால் பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம். வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகராது. மழையில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் விளக்கு அடிக்கடி கண் சிமிட்டும். முன்பார், கேம்பர், நல்ல டயர் எல்லாம் போட்ட பிறகும் ஆக்சிலரேட்டரை விடும்போது வண்டி திரும்ப மறுத்தால், அப்போது 16 மி.மீ.யை மென்மையான துளையில் வைத்துப் பார்க்கலாம். 19 மி.மீ. சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

இந்தத் தீர்ப்பை வேறு வண்டிக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். 2015க்குப் பிந்தைய சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். நாலு சக்கர இழுவை, மூக்குப் பாரம், அண்டர்ஸ்டியர் குணம். அங்கே பின்பக்கத்து 20 மி.மீ.யை 22 ஆக்குவது (46 சதவீதம்) சரியான முதல் வேலை. முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக்குகளுக்கும் பின்பார்தான் முதலில். 2002 முதல் 2007 வரையிலான டபிள்யூ.ஆர்.எக்ஸில் மட்டும் தடித்த பின்பார் போட்டால் அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட் வளைந்து, சிலவற்றில் முறிந்தே போகும். பாரோடு கனமான பிராக்கெட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். கனமான ஸ்பிரிங்கோடு காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் தொகுப்பு) போட்ட வண்டிக்கோ பெரும்பாலும் பழைய பாரே போதும்.

ஆர்டர் போடுமுன் வெர்னியர் வைத்து இப்போதிருக்கும் பாரை அளந்துவிடுங்கள். வருடத்துக்கும் சந்தைக்கும் தகுந்தபடி பின்பார் தடிமன் மாறியிருக்கிறது. பெயின்ட் கனத்தைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் 14 என்பது 14.4 என்று காட்டும். குழாய் வகைப் பார் விற்பவர்கள் வெளி விட்டத்தைப் பெரிதாகப் போட்டு மயக்குவார்கள். 22 மி.மீ. வெளி விட்டம், 3 மி.மீ. சுவர் கொண்ட குழாய்ப் பாரின் விறைப்பு, 20 மி.மீ. கட்டிக் கம்பியைவிட ஐந்து சதவீதம்தான் அதிகம். ஆனால் எடை 43 சதவீதம் குறைவு. எடைக்காக வாங்கினால் நல்ல பேரம், விறைப்புக்காக என்றால் ஏமாற்றம். சுவர் கனம் எவ்வளவு என்று எழுதாத பாரை வாங்காதீர்கள்.

வண்டியை 20, 25 மி.மீ. இறக்கியிருந்தால் பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் எண்ட் லிங்க்கும் நீளம் மாற்றக்கூடியதாகத் தேவைப்படும். பழைய நீளத்திலேயே விட்டால் பாரின் கை கோணலாக நிற்கும், இடது வலது சமமில்லாமல் போகும். இரண்டு முனையிலும் ரப்பர் உறை போட்ட பால் ஜாயின்ட் வகையே வாங்குங்கள். உறையில்லாத திறந்த மூட்டான ராடு எண்ட் பந்தயக் களத்துக்கு அழகு. மழைச் சேற்றில் ஓடும் வண்டியில் சீக்கிரமே டக் டக் என்று பேச ஆரம்பிக்கும்.

முன்பாரைப் பூட்டுவது அரைநாள் வேலை. இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், தொங்கினாலும் ஒன்றாகத் தொங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி ஏற்றினால் பார் முறுக்கிக்கொள்ளும், லிங்க் போல்ட் துளையில் இறங்காது. சுத்தியலால் தட்டி இறக்கினால் மரை போய்விடும். ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். அடியில் உள்ள பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றி, லிங்க் நட்டைத் தளர்த்தும்போது அதன் நடுத்தண்டை அலன் கீயால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பந்து உள்ளேயே சுற்றும். துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் தெளித்து விடுவது நல்லது.

பாரைச் சுற்றிப் பிராக்கெட்டுக்குள் உட்காரும் உறையான பாலியூரித்தேன் புஷ்ஷின் உள்பக்கம் முழுக்க, பெட்டியில் வந்த கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். அது தீர்ந்துபோனால் சிலிகான் கிரீஸ். இதில் கஞ்சம் பிடித்தவர்களின் வண்டிதான் மூன்றாவது மாதம் வேகத்தடையில் பழைய கதவு மாதிரி கிரீச்சிடுகிறது. பிராக்கெட்டை டார்க் ரெஞ்சால் கம்பெனி அளவுக்கு இறுக்கிய பிறகு, லிங்க் மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை: பாரின் முனையை மேலே தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும். தூக்கிய இடத்திலேயே நின்றால் புஷ் நெரிகிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் அந்த உராய்வு எல்லாம் உங்கள் முதுகுக்குத்தான் வரும். பிராக்கெட்டைக் கழற்றி, புஷ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, வெட்டு வாய் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். பார் இடது வலதாக நகராமலிருக்க லாக் காலர் வந்திருந்தால் புஷ்ஷை ஒட்டி, ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டுப் பூட்ட வேண்டும்.

கடைசி லிங்க்கை வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போது, ஓட்டுநர் சீட்டில் ஓர் ஆளோ அவர் எடைக்குச் சமமான மூட்டையோ வைத்துக்கொண்டுதான் மாட்ட வேண்டும். போல்ட் கையாலேயே நுழைய வேண்டும். நெம்பித் தள்ள வேண்டியிருந்தால் லிங்க் நீளத்தை அரைச் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். இதை விட்டுவிட்டால் வண்டி இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் திரும்பும்.

சவாரி எப்படி என்று கேட்டால், வேகத்தடையை நேராக ஏறினால் வித்தியாசமே தெரியாது. இரண்டு சக்கரமும் ஒன்றாக எழுவதால் பார் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். அதே தடையைச் சாய்வாக ஏறினாலோ ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தாலோ தலை பக்கவாட்டில் ஆடும். தடித்த பாரின் உண்மையான விலை இதுதான், 20 மி.மீ.யில் தாங்கக்கூடிய அளவு. 200 கி.மீ. ஓடிய பிறகு மெதுவாகப் போகும்போது அடியிலிருந்து உலோகச் சத்தம் வந்தால் பாரைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் நான்கு லிங்க் நட்டுகளையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் வைத்துப் பாருங்கள். சத்தம் வராவிட்டாலும் பாருங்கள்.