டைப் ரேட்டிங் செலவு யார் தலையில்? சொந்தப் பணம், கேடட் திட்டம், பாண்டு: ஓர் அலசல்

200 மணி நேரம் பறந்து சிபிஎல் எனும் வணிக விமானி உரிமத்தை வாங்கிவிட்டால் மட்டும் ஏர்லைனில் உட்கார முடியாது. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 என அந்தந்த விமானத்துக்கான டைப் ரேட்டிங் வேண்டும். சிபிஎல் செலவை மாணவரே ஏற்பதில் ஒரு நியாயம் உண்டு. எந்த ஏர்லைனுக்குப் போனாலும் அந்த உரிமம் கூடவே வரும். டைப் ரேட்டிங் அந்த ரக விமானம் இருக்கும் ஏர்லைனில் மட்டுமே உதவும். ஏர்லைன் வாங்கி வைத்திருக்கும் விமானத்தை ஓட்டுவதற்கான வேலைப் பயிற்சி அது. அதற்கு ஏர்லைன்தான் பணம் கட்ட வேண்டும்.

முதல் வழி, சொந்தப் பணத்தில் முன்கூட்டியே எடுத்து வைப்பது. சுமார் 15 முதல் 25 லட்சம் ஆகும். சில வார வகுப்பு, ஃபுல் ஃபிளைட் சிமுலேட்டர், ஸ்கில் டெஸ்ட், அதன்பின் நிஜ விமானத்தில் வழக்கமாக 6 டேக் ஆஃப், லேண்டிங். இந்தக் கடைசிப் பகுதி விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

இடறுவது பெரும்பாலும் சிமுலேட்டரில்தான். டேக் ஆஃபைக் கைவிட முடியாத கட்டமான வி1 வேகம் தாண்டியதும் ஓர் இன்ஜின் நின்றால் விமானத்தின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். காலால் மிதித்து, வாலில் உள்ள ரடரைத் திருப்பி நேராக்க வேண்டும். புதியவர் பதற்றத்தில் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கம்பியான சைட்ஸ்டிக்கைச் சாய்ப்பார். இறக்கையில் ஸ்பாய்லர் எனும் தகடு எழும்பும், இழுவை கூடும், ஏறும் வேகம் குறையும். இது கைவர இன்னொரு 4 மணி நேர செஷன் தேவைப்படலாம். ஏர்லைன் செலவில் படிப்பவருக்கு அது பயிற்சியின் ஒரு பகுதி. சொந்தக் காசில் படிப்பவருக்கோ அது புதிய பில். கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் கணக்குப் பார்க்க வைக்கும் எந்த ஏற்பாடும் பாதுகாப்புக்கு நல்லதல்ல.

வேலை தள்ளிப்போனால் ரேட்டிங்கும் சும்மா இருக்காது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் சோதனை ஆண்டுதோறும் வரும், சிமுலேட்டர் வாடகை மறுபடி உங்களுடையது. எந்த விமானத்துக்கு எடுப்பது என்பதும் சூதாட்டம்தான். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அனுபவமுள்ள 737 விமானிகள் மொத்தமாக வேலை தேட வந்தார்கள். புது ரேட்டிங்கோடு காத்திருந்தவர் அவர்களோடு எப்படிப் போட்டி போடுவார்? வேலைக் கடிதம் கையில் இல்லாமல் டைப் ரேட்டிங் எடுக்கவே வேண்டாம்.

இரண்டாவது, ஏர்லைன் பெயரில் நடக்கும் கேடட் திட்டம். சிபிஎல் முதல் டைப் ரேட்டிங் வரை சுமார் 1 கோடி. தேர்வு முதலிலேயே நடப்பதால் தகுதி இல்லாதவர் பணத்தை இழக்கும் முன்பே தெரிந்துவிடும். அது பெரிய நன்மை. ஆனால் கிடைப்பது நிபந்தனைக் கடிதம், வேலை உத்தரவு அல்ல. 1 கோடியை 11 சதவீத வட்டியில் 10 ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 1.38 லட்சம். பயிற்சி முடிந்து சேர்க்கை ஓர் ஆண்டு தள்ளிப்போனாலும் வட்டி நிற்காது. ஏர்லைனே நின்றுபோனால், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றதுபோல, கடன் மட்டும்தான் மிஞ்சும்.

மூன்றாவது, ஏர்லைன் செலவு செய்து, இத்தனை ஆண்டு வேலை செய்வேன், இடையில் போனால் பணம் தருவேன் என்று பாண்டு எழுதி வாங்குவது. எங்கள் ஓட்டு இதற்கே. பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஸ்பீட்பேர்ட் அகாடமி சிபிஎல் செலவையும் சேர்த்தே ஏற்கிறது; இங்கே டைப் ரேட்டிங்கையாவது ஏற்கச் சொல்வது பேராசை அல்ல. பயிற்சி முடிந்ததும் ஆள் ஓடிவிடுவார் என்ற ஏர்லைன்களின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் 2017 விதிப்படி ஃபர்ஸ்ட் ஆபிசர், அதாவது துணை விமானி, 6 மாத நோட்டீஸ் தர வேண்டும்; அதற்கு மேல் பாண்டும் உண்டு.

சம்பளம் தராமல், விமானியிடமே பணம் வாங்கிக்கொண்டு பயணிகள் விமானத்தில் சில நூறு மணி நேரம் பறக்க விடும் திட்டங்களும் வெளிநாடுகளில் இருந்திருக்கின்றன. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பாண்டில் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியது, தொகை மாதாமாதம் குறைகிறதா என்பது. 24 லட்சம், 3 ஆண்டு என்றால் 18 மாதம் கழித்து 12 லட்சமே பாக்கி இருக்க வேண்டும். ஏர்லைனே ஆட்குறைப்பு செய்தாலோ, மருத்துவத் தகுதி போனாலோ பாண்டு ரத்து என்ற வரி இருக்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான். நீதிமன்றம் அதற்குள் நியாயமான இழப்பீட்டையே தரும். ஆனால் தேதி போடாத காசோலையைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் விஷயம் செக் பவுன்ஸ் வழக்காகத் திரும்பக்கூடும். அதைக் கேட்டால் மறுத்துவிட்டு, பாண்டுப் பத்திரத்தை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிக் கையெழுத்திடுங்கள்.